மல்லிகையின் தாகம்

அருந்த நீர் இல்லாத நாளில் பூச்செடிக்கு நீர் வார்ப்பது அறமாகுமா? கேட்ட மாத்திரத்தில் விடை எளிதாகத் தோன்றும் வினா இது. "ஆகாது" என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். ஆயினும், சென்னையின் மேற்குப் புறநகர்களில் வீட்டு முற்றத்தில் நான்கு பூஞ்செடி வளர்த்த குடும்பங்கள் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வினாவை ஏட்டில் படிக்கவில்லை. கையில் குடத்தோடு நின்று எதிர்கொண்டன. அவ்வாறு எதிர்கொண்டோர்க்கு விடை அத்தனை எளிதாக அமையவில்லை.

அந்த ஆண்டைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம். 2018-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நகருக்கு நீர் வழங்கும் நான்கு ஏரிகளிலும், 2019 ஜூன் திங்களில், மொத்தக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சியிருக்கவில்லை. பூவிருந்தவல்லிக்கு அணித்தே கடல்போல் பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜூலை 12-ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துவந்த முதல் ரயில், ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கத்தில் போய் நின்றது. தண்ணீர் தண்டவாளத்தின் மீது தம் ஊரைக் கடந்து செல்லும் காலமும் வரும் என்று இவ்வூர் மக்கள் எண்ணியிருப்பரா?

நம் சமுதாயத்துக்கு அந்தக் கோடையில் வேறொரு சிறப்பும் இருந்தது. அவ்வாண்டு ரமலான் மே 7-இல் தொடங்கி, ஜூன் 5-இல் பெருநாள் வந்தது. கத்திரி வெயிலின் பெரும்பகுதி நோன்புக்குள் அடங்கிவிட்டது. பகலெல்லாம் நாவறண்டிருந்த ஒருவர், இஃப்தாருக்கு முந்திய வேளையில் வாசலுக்கு வந்து பார்க்கிறார். மதிற்சுவரின் ஓரம் மல்லிகையின் இலைகள் துவண்டு தொங்குகின்றன. தாகம் இன்னதென்று அன்றைக்கு அவர் அறிந்த அளவுக்கு வேறெந்த நாளிலும் அறிந்திருக்க மாட்டார். உள்ளே, லாரிக்குக் காத்திருந்து பிடித்துவைத்த குடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றை எடுக்கலாமா?

அம்பத்தூரில் நான் அறிந்த ஒரு தெருவில் இவ்வினா வாய்விட்டே கேட்கப்பட்டது. முதியவர் ஒருவர் மாலைதோறும் செடிக்கு நீர் ஊற்றுவதைப் பார்த்த அண்டை வீட்டுப் பெண், "பெரியம்மா, குடிக்கிற தண்ணிக்கே லாரியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம், நீங்க பூச்செடிக்கு ஊத்துறீங்களே!" என்றாள். அவள் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. "இது குடத்துத் தண்ணி இல்லம்மா. வீட்ல எல்லாரும் ஒளு செஞ்ச தண்ணி. வீணாப் போறது செடிக்குப் போவுது" என்றார் அவர். அந்தப் பெண் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தன் வீட்டு அரிசி களைந்த நீரைக் கொண்டுவந்து அதே செடிக்கு ஊற்றினாள்.

அந்த மூதாட்டி சட்ட நூல் எதையும் ஓதியவரல்லர். ஆனால் அவர் சொன்ன ஒற்றை விடையில் நம் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வகுத்துவைத்த ஒரு வரிசை அடங்கியிருந்தது. அவ்வரிசையை ஒரே இடத்தில் காண முடியாது. வெவ்வேறு இயல்களில் சிதறிக் கிடப்பதைக் கோத்துப் பார்த்தால்தான் புலப்படும்.

கைவசமுள்ள நீர் குடிப்பதற்குத் தேவைப்படுமாயின், அதைக்கொண்டு ஒளு செய்யாமல் தயம்மும் செய்துகொள்ள வேண்டும் என்பது அறிஞர்களின் முடிபு. தாகித்திருப்பது மனிதன்தான் என்றில்லை. காக்கப்படவேண்டிய கால்நடையாக இருந்தாலும் இதுவே விதி. தொழுகைக்குரிய தூய்மையே ஓர் ஆட்டின் தாகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்றால், உயிரின் தாகத்துக்கு மார்க்கம் தந்திருக்கும் இடம் எத்துணை உயர்ந்தது! கிணற்றிலிறங்கிக் காலணியில் நீர் மொண்டு வந்து நாய்க்குப் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர்.

சரி, செடிக்கு என்ன இடம்? இங்கே ஷாஃபிஈ சட்ட நூல்கள் காட்டும் நுட்பம் வியப்பளிப்பது. ஒருவன் தன் பொறுப்பிலுள்ள கால்நடைக்குத் தீனியும் நீரும் தருவது கட்டாயக் கடமை. தவறினால் ஆட்சியாளர் தலையிடலாம். உயிரற்ற வீட்டையும் கால்வாயையும் பழுதுபார்ப்பது அவன்மீது கட்டாயமன்று. மரமும் பயிருமோ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. இயன்றபோதும் அவற்றுக்கு நீர்விடாமல் வாடவிடுவது மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்க செயல். பொருளைப் பாழாக்குதல் என்பதே அதற்கு அவர்கள் கூறும் காரணம். கட்டாயம் என்றும் சொல்லவில்லை, கைவிடலாம் என்றும் சொல்லவில்லை. "இயன்றபோது" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கிக் கிடக்கிறது.

ஆக, வரிசையில் முதலில் நிற்பது மனிதனின் தாகம். அடுத்தது விலங்கின் தாகம். அதன் பின்னர் ஒளு. எல்லோருக்கும் பின்னால், கடைசியில் நிற்கிறது மல்லிகை. ஒளுவுக்குப் பயன்பட்ட நீர் தூய்மையானது, ஆயினும் மீண்டும் ஒளுவுக்கு உதவாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் நிலைபெற்ற கருத்து. அப்படியானால் அந்த நீர் எங்கே போவது? சாக்கடைக்குப் போகலாம், செடிக்கும் போகலாம். வரிசையின் கடைசியில் நிற்பதற்கு ஓர் ஆதாயம் உண்டென்றால் அது இதுதான். முன்னால் நிற்போர் வேண்டாமென்று விட்டது அதற்கு வந்து சேர்கிறது.

அளவையும் பார்த்துவிடலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்வார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அறிவிப்பு. முத்து என்னும் அளவையை முக்கால் லிட்டர் எனப் பலரும் கணக்கிடுவர். ஐவர் உள்ள வீட்டில் ஐவேளையும் அந்த அளவோடு ஒளு செய்தால் நாளொன்றுக்கு 18 லிட்டருக்குச் சற்று மேலாகும். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றே கால் குடம். கரையோரம் வைக்கோலும் சருகும் பரப்பி மூடிய பாத்தியில் மூன்று மல்லிகைச் செடிகள் கோடையைத் தாண்ட இது தாராளம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முகம் கழுவும் வீட்டிலோ ஒருவருடைய ஒரு வேளை ஒளுவுக்கே ஐந்தாறு லிட்டர் ஓடிவிடுகிறது. ஓடும் ஆற்றின் கரையிலும் நீரை விரயம் செய்யலாகாது என்ற அறிவுரையை மேடையில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, பள்ளிவாசல் குழாயடியில் நாம் நடந்துகொள்ளும் விதம் வேறு. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை போதாது.

இவ்வளவோடு வினா தீர்ந்துவிட்டதா? தீரவில்லை என்பதே என் எண்ணம். ஏனெனில் "செடியின் தாகம்" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இன்னும் ஆராயவில்லை. அதை அறிய, ஆண்டு முழுவதும் செடியோடு இருக்க வேண்டும்.

மல்லிகை என்று நான் குறிப்பது குண்டு மல்லியை. ஆண்டுதோறும் விதைத்து, பூத்து, மடிந்து போகும் செடியன்று அது. ஒருமுறை வேர்கொண்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நன்கு பூக்கும். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீடுகளில் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு முழ அகலத்தில் மண் விட்டிருப்பார்கள். 1960-களில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தபின் வேலை தேடி வந்து குடியேறியவர்கள், ஊரில் விட்டுவந்த தோட்டத்தின் நினைவாக அந்த இரண்டு முழத்தில் மல்லிகையும் மருதாணியும் செம்பருத்தியும் வைத்தனர். பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ இருக்கிறது. திருக்கச்சி நம்பிகள் அவ்வூரில் நந்தவனம் வைத்துக் காஞ்சிபுரம் வரை மலர் சுமந்து சென்றார் என்பது வைணவர் மரபு வழங்கும் செய்தி. பூவுக்கும் இந்த மண்ணுக்கும் பழக்கம் புதிதன்று.

மல்லிகையின் ஆண்டு எங்கே தொடங்குகிறது? பூவில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம், வெட்டில் தொடங்குகிறது. நவம்பர் இறுதி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சென்னைப் பக்கத்தில் மழை டிசம்பர் நடுப்பகுதி வரையும் நீளுமாதலால், வீட்டில் வளர்ப்போர் மழை விடட்டும் என்று மார்கழி வரையிலும் பொறுத்திருப்பதுண்டு. பச்சைப் பசேலெனத் தழைத்து நிற்கும் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவதற்கு மனம் ஒப்பாது. முதன்முறை வெட்டுவோர் கை நடுங்கும். வெட்டாது விட்ட செடி தழைக்கும், நீளும், பந்தலே போடும். பூ மட்டும் குறைந்துகொண்டே போகும். மல்லிகையின் மொட்டு புதுத் தளிரில்தான் வரும் என்பதே அதன் காரணம்.

வெட்டிய பின் சில வாரம் நீரையும் குறைத்துவிடுவார்கள். அப்போது பார்க்க வேண்டும் அந்தச் செடியை! குச்சியும் கணுவுமாக, உயிருண்டா என ஐயுறும்படி நிற்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைச் செத்த செடியென்று பிடுங்கி எறிந்துவிடுவதும் உண்டு. அந்த வாரங்களில் அது கேட்பது நீரன்று, தொந்தரவு செய்யாதிருத்தல். மாசியில் கணுக்கள் வெடிக்கும். பங்குனியில் தளிர் நுனிகளில் மும்மூன்றாக மொட்டு. சித்திரை முதல் ஆனி வரை மாலைதோறும் வாசல் மணக்கும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நீர் மிகவும் குறையும் மாதங்களும் மல்லிகை மிகவும் பூக்கும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்தாலும், அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. பூக்கும் காலத்தில் வானம் கைவிரித்துவிடும். எனவே, மே மாதத்து மல்லிகைக்கு மனிதன் நீர் தந்தால்தான் பூ.

பூ என்று சொன்னேன். உயிர் என்று சொல்லவில்லை. இந்த வேற்றுமை 2019-இல் கண்கூடாயிற்று. ஐந்தாறு ஆண்டு வேரூன்றிய குண்டு மல்லிக்கு நீர் குறைந்தால் மொட்டுச் சிறுக்கும், உதிரும். பின்னர் மொட்டே வராது. இலை பழுத்துச் சில கிளைகள் காயும். இருந்தும் எளிதில் சாகாது. வேரடி ஈரத்தைச் சருகு போட்டுக் காத்து, மூன்று நாளைக்கொருமுறை சிறிது கழிவுநீர் கிடைத்தாலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்துவிடும். அடுத்த மழைக்குத் துளிர்த்து எழும். அந்தக் கோடையில் குடத்தோடு வாசலில் நின்றவர் முன் இருந்த தேர்வு, செடி வாழ்வதா சாவதா என்பதன்று. இந்த மாதம் பூ வேண்டுமா வேண்டாமா என்பதே. தாகம் செடிக்கு இருந்தது. அதைவிடப் பெரிய தாகம் பூவுக்காக நமக்கு இருந்தது. நமது தாகத்தைச் செடியின் பெயரால் தீர்த்துக்கொள்ள முயன்றால்தான் நல்ல தண்ணீர்க் குடத்தில் கைவைக்க நேரும்.

இரக்கத்தின் பெயரால் நாம் செய்யும் பலவற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். கொடுக்கும்போது நாம் நோக்குவது பெறுபவரின் தேவையையா, நம் மனநிறைவையா? செடி வாய் திறந்து சொல்லாதாகையால் இந்தக் கேள்வி செடியிடத்தில் கூர்மையாகிறது. அதன் சார்பாகப் பேசும் உரிமையை நாமே எடுத்துக்கொண்டு, நமக்கு வேண்டியதை அது கேட்பதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

நீர் மிகுந்த காலத்தில் இதே உண்மை தலைகீழாகத் தெரியவரும். வறட்சியில் செடியை இழந்தவர்களைவிட வளத்தில் இழந்தவர்கள் மிகுதி. ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே வழக்கப்படி காலையில் ஒரு வாளி ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்பினால் ஊற்றுகிறார்கள். நீர் தேங்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. இலை மஞ்சளாகிறது. வாடுகிறதே என்று மேலும் ஊற்றுகிறார்கள்! வாடிய இலை தாகத்தைக் காட்டுகிறதா, மூழ்குதலைக் காட்டுகிறதா என்று விரலை மண்ணில் ஓர் அங்குலம் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் வெள்ளம் தேங்கியதும் நினைவில் இருக்கும். அத்தகைய வெள்ளத்தில் சில நாள் நின்ற மல்லிகைகள் மீளவில்லை. கோடையின் வறட்சியைப் பொறுத்துக்கொண்ட செடிகள் அவை. மேட்டுப்பாத்தியில் இருந்தவையே பிழைத்தன.

சொல்லவந்த இடத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வீடு கட்டுவோர் அந்த இரண்டு முழ மண்ணையும் விட்டுவைப்பதில்லை. சிமெண்டு பூசி, ஓடு பதித்து, தொட்டியில் செடி வைக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீடுதோறும் குழி தோண்டிக் குழாய் இறக்கினோம். அக்குழிகளில் எத்தனை இன்று தூர்வாரப்படுகின்றன? பூச்செடி நிற்கும் மண்ணை யாரும் தூர்வார வேண்டியதில்லை. வேரும் மண்புழுவும் அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. கோடையில் ஒரு குடம் கழிவுநீரை வாங்கிக்கொண்ட பாத்தி, ஐப்பசியில் பெய்யும் மழையைத் தெருவுக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்குகிறது. எது கடன், எது திருப்பிச் செலுத்துதல் என்று கணக்கிடுவோர் கணக்கிடட்டும்.

பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தைப் பற்றிப் பட்டியலிடும் குறைகளில் ஒன்று, இங்குள்ள தோட்டங்களிலும் வீடுகளிலும் ஓடும் நீர் இல்லை என்பது. காபூலின் நீரோடைகளை மறக்க முடியாதவர் அவர். ஆக்ராவில் யமுனையின் கரையில் கிணறு வெட்டி, ஏற்றம் அமைத்து, நாற்புறமும் கால்வாய் ஓடும் தோட்டத்தைப் படைத்தார். அந்த மண்ணில் முலாம்பழமும் திராட்சையும் விளைந்தபோது அவர் கொண்ட மகிழ்ச்சி பெரிது. பேரரசருக்கு அது இயலும். அழகும்தான். ஆனால் பிறந்த ஊரின் பருவத்தைப் புகுந்த ஊரில் கொண்டுவந்து நிறுத்த எத்தனை மாடுகளும் ஆட்களும் இரவும் பகலும் நீர் இறைத்திருக்க வேண்டும்! நம் புறநகர் வீடுகளில் குளிர்நாட்டு ரோஜாத் தொட்டிகளை மே மாதத்தில் காப்பாற்றப் பாடுபடுவோரைப் பார்க்கும்போது பாபரின் நினைவு வருகிறது. ஏற்றத்துக்குப் பதில் லாரி.

இந்த மண்ணின் பருவத்தோடு ஒத்துப்போகும் பல்லாண்டுச் செடிகளோ அந்தப் பாட்டை நம்மிடம் கேட்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பூக்கும். காகிதப்பூ நீர் குறைந்தால்தான் நிறைய மலரும்; நீர் மிகுந்தால் இலையாகிப் போகும். நித்தியகல்யாணியும் அரளியும் கத்திரியைப் பொருட்படுத்துவதில்லை. மழைக்காலத்தில் பவழமல்லி விடியற்காலையில் உதிர்ந்து முற்றத்தை நிறைக்கும். பஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்வோர் அதை மிதிக்காமல் ஒதுங்கி நடப்பதைக் காணலாம். மார்கழிக் குளிரில் டிசம்பர் பூ. மருதாணியை வெட்ட வெட்டத் தழைக்கும். பெருநாள் எந்தப் பருவத்தில் வந்தாலும் கைக்கு இலை தரும். மல்லிகை பூக்காத மாதத்தில் மல்லிகையே வேண்டும் என்று நில்லாதவர்க்கு வாசலில் பூ இல்லாத நாளே இராது.

ஆனால் இன்னொரு தரப்பும் இருக்கிறது. அதைக் கேளாமல் விடுவது முறையன்று. "பழமரம் நட்டால் நன்மை உண்டு; பூவால் யார் வயிறு நிறைகிறது? கடைசி வரிசையில்கூட அதற்கு ஏன் இடம்?" என்று கேட்போர் உண்டு. முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை அவர்கள் மனத்தில் கொண்டே கேட்கிறார்கள். அவர்களுக்குச் செம்பருத்தியின் காம்பில் தலைகீழாய்த் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டைக் காட்டுவேன். அதுவும் பறவைதானே! இரவில் வெண்மலர்களைத் தேடிவரும் அந்துப்பூச்சிக்கும் அங்கே பந்தி உண்டு.

இவ்விடையோடு நான் நின்றுவிட விரும்பவில்லை. பயனைக் காட்டித்தான் பூவுக்கு இடம் வாங்கித் தரவேண்டுமென்றால், பயனற்றதாகத் தோன்றும் எதற்கும் நாளை இடமிராது. நறுமணத் தழையை ஒருவர் நீட்டினால் மறுக்காதீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. அதற்கு அவர்கள் காட்டிய காரணம், அது சுமப்பதற்கு இலேசானது, மணமும் இனியது என்பதே. பசி தீர்க்கும் என்றோ பிணி தீர்க்கும் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. மதிலுக்கு மேலாகக் கைமாறும் ஒரு முழம் மல்லிகையைப் பாருங்கள். ஒரு வீட்டில் அது தலையில் ஏறுகிறது. அடுத்த வீட்டில் சாமி படத்துக்குப் போகிறது. வாங்கியவர் அதைத் திருப்பித் தரவேண்டிய கடனாக எண்ணுவதில்லை. சோறு கொடுத்தால் கொடுத்தவர் மேலாகவும் வாங்கியவர் கீழாகவும் ஆகிவிடும் உலகத்தில், பூ கொடுத்தால் இருவரும் அப்படியே இருக்கிறார்கள்.

செடியே கைமாறும் முறையும் எண்ணத்தக்கது. குண்டு மல்லி இங்கே விதை வைப்பது மிக அரிது. கிளையைத் தாழ்த்தி மண்ணில் பதியமிட்டோ, தண்டை ஒடித்து நட்டோதான் அதைப் பெருக்க முடியும். அதாவது, உங்கள் வாசலில் நிற்கும் மல்லிகை ஒரு விதையிலிருந்து புதிதாய்ப் பிறந்ததன்று. வேறொருவர் வீட்டு மல்லிகையின் ஒரு துண்டு. அவர் செடி இன்னொருவர் செடியின் துண்டு. எண்ணிக்கொண்டே போனால் எத்தனையோ தலைமுறைக்கு முன்னர் யாரோ ஒருவர் கோடையில் நீரூற்றிக் காத்த ஒரே உடம்புதான் கைகள் மாறி மாறி இந்த அம்பத்தூர்ச் சந்து வரை வந்திருக்கிறது. இதை உடைமை என்று சொல்ல நாவெழவில்லை. அமானிதம் என்று சொல்வதே பொருந்தும். அமானிதத்தை ஏற்றவன் அதிலிருந்து ஆதாயம் வந்ததா என்று பாராமல், ஏற்றபடி அடுத்தவர் கையில் சேர்க்கவே கடமைப்பட்டவன். 2019-இல் பூவை விட்டுக்கொடுத்து வேரைக் காத்தவர்கள் அந்த அமானிதத்தைக் காத்தவர்கள். பூவுக்காக நல்ல நீரைச் செலவிட்டவர்களையும், பூக்கவில்லை என்று செடியைப் பிடுங்கியவர்களையும் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர்களில் பலர் அடுத்த ஆண்டு மழைக்குப் பின் அண்டை வீட்டுக்கு வந்து ஒரு பதியம் கேட்டார்கள், கிடைத்தது.

நம் மாதங்கள் பிறையோடு நடப்பவை. செடியின் மாதங்கள் கதிரோடு நடப்பவை. ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னேறி, ரமலான் மல்லிகையின் எல்லாப் பருவத்தையும் வலம்வருகிறது. 2030-ஆம் ஆண்டில் அது ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக இருமுறை தொடங்கும். அப்போது செடி கவாத்து செய்யப்பட்டுக் குச்சியாய், நீர் கேளாமல் நின்றிருக்கும். நோன்பு திறக்கும் மாலைகளில் வாசலில் டிசம்பர் பூ மட்டுமே இருக்கும். மீண்டும் கத்திரி வெயிலும் ரமலானும் 2019-இல் போலக் கைகோத்து வருவதற்கு 2051 வரை ஆகும். இன்று முற்றத்தில் நிற்கும் மல்லிகை அதற்குள் முதுமையடைந்து போயிருக்கும். அதன் பதியம் ஏதேனும் ஒரு வாசலில், மே மாதத்து மாலையில், ஒளு செய்த நீருக்காகக் காத்து நிற்கக்கூடும்.